சோழவரமும் பெட்ரோல் குழாயும்



கனகம்மாசத்திரத்தில் என்னிடம் படித்த ஒருவன் நேற்று போன் செய்தான். பழைய காரில் இன்ஜெக்‌ஷன் என்ஜின் மாட்டுகிறானாம். "பழைய பெட்ரோல் குழாயே போதுமா சார்?" என்றான்.

நம் மாவட்டச் சோழவரத்தில், உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் வந்தது.

சோழவரக் காலம் கார்புரேட்டர் காலம். பெட்ரோல் மெதுவாக வரும். சாதாரண ரப்பர் குழாய் தாங்கியது. இன்ஜெக்‌ஷனில் அழுத்தம் சுமார் 3 பார், ஏறக்குறைய பத்து மடங்கு. பழைய குழாய் வெடித்தால் பெட்ரோல் சூடான சைலன்சர் குழாய்மேல் பீய்ச்சும், தீதான்.

அவனுக்குச் சொன்னதே உங்களுக்கும்: இன்ஜெக்‌ஷனுக்கான குழாய், கிளாம்ப், மிஞ்சும் பெட்ரோல் டேங்கிற்குத் திரும்பும் வழி, இவை மூன்றும் முதலில். வேகம் பிறகு.

அன்புடன், உங்கள் ஆசிரியர்.