சிங்கப்பூர் – நியூயார்க்: இடைநில்லாமல் 15,300 கிலோமீட்டர்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பர் முதல் இத்தடத்தில் இடைநில்லாமல் பறக்கிறது. பயண நேரம் 18 மணிக்கும் மேல்.

இத்தொலைவு, உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய வழி. விமானம் அந்த வழியிலேயே செல்வதில்லை. பின்னிருந்து தள்ளும் காற்றைப் பிடிக்கச் சற்றுச் சுற்றிப் போனால், தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும்.

இத்தடத்தில் பறக்கும் நெடுந்தூர ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 161 இருக்கைகளே உண்டு. சிக்கன வகுப்பு கிடையாது. எடையைக் குறைத்தால்தான் இவ்வளவு தூரம் பறக்க முடியும். குறைந்த கட்டணம் தேடும் குடும்பங்களுக்கு, அதே நிறுவனத்தின் பிராங்பர்ட் வழிச் சேவையில் சிக்கன வகுப்பு உண்டு.