மரவேலை ரவுட்டர்: கடனுக்கும் பார்சலுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ரவுட்டர் என்றதும் வீட்டு இணையப் பெட்டியை நினைக்க வேண்டாம். இது தச்சர்களின் மின்கருவி. நிமிடத்துக்கு 20,000, 30,000 தடவை சுழலும் சிறு வெட்டலகால் பலகையில் தவாளிப்பு எடுக்கும், விளிம்பை உருட்டும், கீல் பதிக்கும், மூட்டுக்குத் துளை போடும். உளியும் கொட்டாப்புளியும் அரை நாள் எடுக்கும் வேலையை அரை மணியில் முடித்துவிடலாம்.

வன்னியிலும் வடமராட்சிக் கரையோரத்திலும் தச்சர்களுடன் பேசும்போது எனக்கு விளங்கிய விடயம், இதைப் பெரும்பாலானோர் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வாங்குகிறார்கள் என்பது. ஒருவருக்கு அது நுண்கடன். இன்னொருவருக்குக் கனடாவிலிருந்து மச்சான் அனுப்பும் பார்சல். மற்றொருவருக்கு வாழ்வாதார உதவிப் பட்டியலில் வேறு யாரோ தெரிவுசெய்த பெட்டி. பொருந்தாத மெசின் வந்து சேர்ந்தால் திருப்பிக் கொடுக்க இடமில்லை. தவணை மட்டும் மாதாமாதம் வரும்.

பார்சலில் இருந்தே தொடங்குகிறேன், அதிகம் பாழாவது அங்கேதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அந்த மெசினை நேரே செருகினால் சில வினாடிகளில் புகைந்துவிடும். வோல்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் 1,600 வற் மெசினுக்குக் குறைந்தது 2 கே.வி.ஏ. வேண்டும், 3 என்றால் நல்லது. அது பாரமானது, விலையும் கூட. லண்டனில் இருந்து வருவதிலும் ஒரு பொறி உண்டு. வீட்டுப் பாவனைக்கான மெசின் 230 வோல்ட், அது பிரச்சினையில்லை. கட்டடத் தளங்களில் பாவிப்பது 110 வோல்ட், அதன் பிளக் மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும். மலிவாகக் கிடைக்கும் செக்கன்ட் ஹான்ட் மெசின்கள் சில இந்த வகை. ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா என்றால் வோல்ட் பொருந்தும், பிளக்கை மாற்றினால் போதும். அனுப்புபவரிடம் பெயர்த்தகட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது கொலெட். வெட்டலகின் தண்டைப் பிடிக்கும் வாய் அது. ஐரோப்பிய மெசின்கள் பல 8 மில்லிமீற்றர் கொலெட்டுடன் வரும். எங்கள் இரும்புக் கடைகளில் நான் அதிகம் கண்டவை கால் அங்குல, அரை அங்குலத் தண்டுள்ள அலகுகள், அதாவது 6.35 உம் 12.7 மில்லிமீற்றரும். 6 உம் 12 உம் இடையிடையே கலந்து கிடக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். 6 மில்லிமீற்றர் தண்டைக் கால் அங்குலக் கொலெட்டில் இறுக்கினால் பிடித்ததுபோல இருக்கும், வேகம் ஏறியதும் வழுகி வெளியே வரும். வாங்கும்போதே மெசினின் கொலெட் அளவைப் பெட்டியின் மேல் மார்க்கரால் எழுதி வைத்துவிடுவது நல்லது.

அரை அங்குலமா, கால் அங்குலமா என்பதுதான் உண்மையான தெரிவு. தண்டின் விட்டம் இரு மடங்கானால் வளைவை எதிர்க்கும் விறைப்பு 16 மடங்காகும். முதிரை, பாலை போன்ற இறுகிய மரத்தில் நிலைக்கும் கதவுக்கும் ஆழமான துளை எடுப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். அரை அங்குல மெசினில் ஒரு குறுக்கு உறை போட்டுக் கால் அங்குல அலகையும் ஓட்டலாம். மறுபக்கம் முடியாது. ஆகவே வீட்டு வேலை, படகு வேலை இரண்டுக்கும் ஒரே மெசின் என்றால் என் தெரிவு 1,600 முதல் 1,850 வற் வரையான, மேலிருந்து அமுக்கி இறக்கும் வகை அரை அங்குல ரவுட்டர். மகிட்டா 3612சி, பொஷ் ஜி.ஓ.எஃப் 1600 சி.ஈ. போன்றவை இந்த வகுப்பு. இவற்றில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அது ஆடம்பரம் அல்ல. 50 மில்லிமீற்றர் அகலமான அலகை 22,000 சுழற்சியில் விட்டால் அதன் நுனி வினாடிக்கு 57 மீற்றருக்கு மேல் ஓடும். அந்த அளவு அலகை 12,000 அளவில்தான் ஓட்ட வேண்டும். வேகம் மாற்ற முடியாத பெரிய மெசினை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் குதிரைவலுவை நம்ப வேண்டாம். வட அமெரிக்க மெசின்களில் மூன்றேகால் குதிரைவலு என்றிருக்கும். கணக்குப்படி அது 2,400 வற்றுக்கு மேல். அங்குள்ள 15 அம்பியர், 120 வோல்ட் செருகியால் வருவதே 1,800 வற்தான்.

அரை அங்குல மெசின் 6 கிலோ அளவில் இருக்கும். தோளில் சன்னம் பாய்ந்தவர், விரல் இழந்தவர், முதுகில் இன்னும் துண்டு இருப்பவர் எங்கள் பட்டறைகளில் குறைவில்லை. உதவிப் பட்டியல் தயாரிப்பவர்கள் இதைக் கேட்பதாக நான் காணவில்லை. அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது ட்ரிம்மர். மகிட்டா 3709 வெறும் 1.5 கிலோ, 530 வற். ஆழமான துளை எடுக்காது, ஆனால் விளிம்பும் கீலும் நன்றாகச் செய்யும். பெரிய மெசினே வேண்டுமென்றால் திடீரென உதறாமல் மெல்ல வேகமெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மெசின் தொடங்கும்போது மணிக்கட்டை முறுக்கும். மேசைக்கு அடியில் தலைகீழாகப் பூட்டி மரத்தைத் தள்ளுவது இன்னொரு வழி. தள்ளுகோலும் அலகுக்கு மேல் காப்பும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

கடைக்காரர் சொல்லாத ஒன்று, மரத்துக்குள் இருக்கும் இரும்பு. ஷெல் விழுந்த பகுதிகளில் நின்ற வேம்பிலும் பனையிலும் பாலையிலும் சிதறல்கள் புதைந்திருக்கும்; வேம்பிலும் பாலையிலும் மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும். பங்கருக்குப் போட்ட குற்றிகளும் இடிந்த வீட்டு நிலைகளும் பலகையாகத் திரும்பி வருகின்றன. வாளில் பட்டால் பல்லுத்தான் போகும். 20,000 சுழற்சியில் காபைட் நுனி பட்டால் அது உடைந்து முகத்துக்கு வரும். பலகையில் நீலக் கறுப்புக் கறை தெரிந்தால் இரும்பு இருக்கலாம். காந்தம் மேற்பரப்புக்கு அருகில் உள்ள உருக்கை மட்டும் காட்டும், ஈயத்தையும் செம்பையும் காட்டாது. கையடக்க உலோகம் காட்டும் கருவி ஒன்று நாலைந்து பட்டறைகள் சேர்ந்து வாங்கக் கூடியதே. வெடிபொருள் போல எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகிப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியை மெசினின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

படகு வேலை இப்போது முன்புபோல இல்லை. வல்வெட்டித்துறையில் 1930 இல் கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை போன கதையை எல்லோரும் சொல்வார்கள். இன்று கரையில் நிற்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். இருந்தும் இருக்கைப் பலகை, மூடி, இஞ்சின் பூட்டும் பின்பலகை, பழைய வள்ளத்தின் திருத்தம் என்று ஓடாவிமாருக்கு மரவேலை மிச்சமிருக்கிறது. இங்கே ரவுட்டரின் பெரிய பயன் விளிம்பை உருட்டுவது. கூரான விளிம்பில் பெயின்ற் மெல்லிசாகவே ஒட்டும், உப்புத் தண்ணீர் அதன் வழியே உள்ளே போகும். 3 மில்லிமீற்றர் ஆரத்தில் உருட்டிவிட்டால் பூச்சு நிற்கும். ஒட்டுப்பலகையில் வெட்டிய ஓரத்தை அன்றே எபொக்சியால் அடைக்க வேண்டும். பைபரை வெட்ட இந்த மெசினைப் பாவிக்காதீர்கள். அந்தத் தூசி மோட்டரையும் பெயாரிங்கையும் தின்னும், நெஞ்சுக்கும் கூடாது. கடற்கரைக் காற்றில் கொலெட் துருப்பிடிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் கழற்றித் துடைத்து எண்ணெய் தடவி வைப்பது வழக்கமாக வேண்டும்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். ஏற்கனவே குண்டுச் சத்தத்தில் கேள்வி குறைந்தவருக்குக் காது மூடி கட்டாயம். மேலே சுற்றிய ஆளில்லா விமானத்தை வன்னியில் வண்டு என்றோம். ரவுட்டரின் இரைச்சல் கிட்டத்தட்ட அதே சுருதி. பட்டறைக்குப் பக்கத்தில் வயதானவர்கள் இருந்தால் தொடங்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

கடையில் பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: காபன் பிறஷ், கொலெட், சுவிச். மூன்றும் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கிடைக்காவிட்டால் எவ்வளவு பெயர்போன மெசின் என்றாலும் வேண்டாம். பெயர்போனவற்றுக்குப் போலிகளும் உண்டு, தொடர் இலக்கமும் உத்தரவாத முத்திரையும் பாருங்கள். செக்கன்ட் ஹான்ட் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் பெயாரிங் போய்விட்டது. பிறகு ஓட விட்டுக் காற்றுத் துவாரத்தால் பாருங்கள். சிறு நீலப் பொறி சாதாரணம். வட்டமாக நெருப்பு வளையம் தெரிந்தால் அந்த மோட்டருக்கு ஆயுள் குறைவு.