வீட்டுக் கம்பிகளின் வழியே வலையமைப்பு: வகை, இடையூறு, தேர்வு முறை

1. பொருளும் வரையறையும்

வீட்டுச் சுவர்களுக்குள் வேறொரு தேவைக்காக முன்பே பதித்த கம்பிகளைத் தரவுப் பாதையாகவும் கொண்டு கணினி, தொலைக்காட்சி முதலியவற்றை இணைக்கும் முறையைப் 'பழங்கம்பி வலையமைப்பு' என இக்கட்டுரையில் வழங்குவோம். புதிதாக ஈதர்நெட் கம்பி இழுப்பது இவ்வரையறைக்குள் வராது.

இம்முறையை நாடுவதற்குக் காரணம் கம்பியில்லா அலையின் இயல்பிலேயே உள்ளது. வைஃபை அலை செங்கற்சுவரில் மெலிகிறது. கம்பி பின்னிய கான்கிரீட் தளத்தில் மேலும் மெலிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸைவிட 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இம்மெலிவு மிகுதி. கீழ்த்தளத்து ரவுட்டரின் அலை மாடியின் கடைசி அறைக்குச் செல்லாதபோது இடையில் ஒரு மறுபரப்பியை வைக்கிறோம். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மறுபரப்பி, ஒவ்வொரு தரவுக்கும் காற்றில் இருமுறை நேரம் எடுப்பதால் எல்லை விரிந்தாலும் வேகம் குன்றுகிறது.

ஒரு கம்பியின் தகுதியை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன என்பது நம் கருத்து: அது எதற்காக அமைக்கப்பட்டது? அதில் ஏற்கெனவே குடியிருப்பவை யாவை? பெட்டியில் அச்சிட்ட வேகத்தை இவற்றுக்குப் பின்னரே பார்க்க வேண்டும்.

2. மூவகைக் கம்பிகள்

தொலைபேசி இணைக்கம்பியைச் சுருக்கமாகக் கடக்கலாம். பேச்சொலி 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடுவதால், மேலுள்ள அலைப்பட்டை காலியாக இருந்தது. 1998இல் வந்த ஹோம்பிஎன்ஏ முதல் தரநிலை அதில் விநாடிக்கு 1 மெகாபிட் அனுப்பியது. பின்வந்தவை அதைப் பன்மடங்காக்கின. ஆனால் அறைதோறும் தொலைபேசிப் புள்ளி உள்ள அமெரிக்க வீடுகளுக்குப் பொருந்திய ஏற்பாடு இது. கூடத்தில் ஒரே ஒரு புள்ளி உள்ள வீட்டில் இதனால் பயனில்லை.

இரண்டாவது, தொலைக்காட்சிக்கான ஓரச்சு வடம். நடுவில் ஒரு கடத்தி, அதைச் சுற்றி மின்காப்பு, அதன்மேல் உறையாக இரண்டாம் கடத்தி என ஒரே அச்சில் அமைந்ததே ஓரச்சு வடம். உயர் அதிர்வெண்ணைக் கசியாமல் கொண்டுசெல்லவே பிறந்தது என்பதால் மூன்றனுள் இதுவே சிறந்தது. இவ்வடத்தில் தரவு அனுப்புவதற்கான மோகா 2.5 தரநிலை 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் விநாடிக்கு 2.5 கிகாபிட் வரை அளிக்கும்.

எனினும் இரண்டாம் கேள்வியை இங்கே மறக்கலாகாது. கேபிள் டிவி 862 மெகாஹெர்ட்ஸ் அளவில் முடிந்துவிடுவதால் மோகாவுடன் மோதாது. டிடிஎச் வேறு. கூரைத் தட்டிலிருந்து இறங்கும் வடத்தில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை செயற்கைக்கோள் அலை குடியிருக்கிறது. தட்டின் முனைக்குத் தேவையான 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரமும் அதே வடத்தில் ஏறுகிறது. ஆகவே பயன்பாட்டில் உள்ள டிடிஎச் வடத்தில் மோகாவை இந்தப் பட்டையில் இயக்க முடியாது. கேபிளை நிறுத்திவிட்ட வீட்டில் சுவருக்குள் கிடக்கும் வடமே இதற்குத் தக்கது. இடையிலுள்ள பிரிப்பானைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பலவற்றில் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று பொறித்திருக்கும். மோகா அலை அவ்வெல்லைக்கு மேலே உள்ளது.

மூன்றாவது மின்கம்பி. தகுதியில் கடைசி, ஆனால் எல்லா அறையிலும் இருப்பது இது ஒன்றே. எனவே இதனை விரித்து நோக்குவோம்.

3. மின்கம்பியின் இயல்பு

மின்கம்பியில் செய்தி அனுப்புவது புதிதன்று. ஸ்காட்லாந்தின் பிகோ எலக்ட்ரானிக்ஸ் 1975இல் உருவாக்கிய எக்ஸ்10 முறை, மாறுமின்னோட்டம் சுழியைக் கடக்கும் கணத்தில் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பொன்றை ஏற்றி விளக்குகளை இயக்கியது. விளக்கை அணைக்க அது போதும். படம் பார்க்கப் போதாது. 2001இல் ஹோம்பிளக் 1.0, 2005இல் ஹோம்பிளக் ஏவி, 2010இல் ஐஇஇஇ 1901 எனத் தரநிலைகள் வளர்ந்தன.

இக்கம்பி 50 ஹெர்ட்ஸுக்காக இழுக்கப்பட்டது. ஒவ்வொரு சுவிட்ச் போர்டிலும் கிளை பிரிகிறது. ஒன்றும் செருகாத பிளக் பாயின்ட் ஒவ்வொன்றும் அலையைத் திருப்பி அனுப்புகிறது. நேரலையும் எதிரொலித்த அலையும் கூடுமிடத்தில் சில அதிர்வெண்கள் ஓங்கும், சில அறவே அழியும். ஃபிரிட்ஜ் இயங்கத் தொடங்கினாலே கம்பியின் மின்மறுப்பு மாறி அந்த ஓங்கலும் அழிவும் இடம்பெயரும்.

ஹோம்பிளக் ஏவியின் விடை துணையலைப் பகுப்பு. 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை ஏறத்தாழ 24 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 917 துணையலைகளாகப் பிரித்து, தெளிவான துணையலையில் பத்துப் பிட், கலங்கியதில் ஒன்றிரண்டு, அழிந்ததில் ஒன்றுமில்லை என ஏற்றுகின்றனர். இந்த ஏற்றப் பட்டியல் மின்னோட்டச் சுழற்சியின் பகுதிக்கேற்பவும் மாறும்: அலையின் உச்சியில் ஒன்று, சுழியருகே வேறொன்று. இம்முறையில் நாம் மிகவும் வியப்பது இதனையே. இடையூறு செய்யும் 50 ஹெர்ட்ஸையே கடிகாரமாக்கிக் கொண்டார்கள்.

4. இரைச்சலின் வகைகள்

மின்கம்பி இரைச்சலை ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிம்மர்மானும் டோஸ்டர்ட்டும் 2002இல் ஐந்தாக வகுத்தனர்: எப்போதும் உள்ள பின்னணி இரைச்சல், வானொலி நிலையங்களின் குறுகிய பட்டை இரைச்சல், மின்னோட்டத்தோடு இசையாத துடிப்பு, இசைந்த துடிப்பு, தற்செயலான துடிப்பு.

வீட்டுக்காரர் கைக்குள் உள்ளவை மூன்றாவதும் நான்காவதும். மலிவான மொபைல் சார்ஜர் மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டு. நான்காம் வகைக்கு, குமிழைத் திருகும் பழைய எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர். அதனுள் உள்ள டிரையாக் ஒவ்வோர் அரைச்சுழற்சியிலும் மின்னோட்டத்தை வெட்டித் திறப்பதால் விநாடிக்கு நூறு முறை துடிப்பு எழும். மின்தேக்கியால் படிப்படியாக மாற்றும் ரெகுலேட்டரில் இத்தொல்லை குறைவு. மின்கம்பியில் தரவை ஏற்றி இறக்கப் பிளக் பாயின்டில் செருகும் அடாப்டரின் செயலியில் இணைப்பு வேகத்தைப் பார்த்தபடி மின்விசிறியின் வேகத்தை மாற்றினால் எண் ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

இரைச்சலோடு சேர்த்து எண்ண வேண்டியது மெலிவு. அதன் காரணங்களுள் முதன்மையானது ஸ்பைக் கார்டு. உயர் அதிர்வெண்ணை அழிப்பதே அதன் தொழில். அதில் அடாப்டரைச் செருகிவிட்டுக் குறைசொல்வது நியாயமன்று. அடுத்தது மும்முனை இணைப்பு. கூடம் ஒரு பேஸிலும் படுக்கையறை இன்னொன்றிலும் இருந்தால், அலை பெட்டிக்குள் கம்பிக்குக் கம்பி தாவித்தான் சேர வேண்டும். சேரும், நலிந்து சேரும். மூன்றாவது இன்வெர்ட்டர். அதன் வடிகட்டியைத் தாண்டி அப்பாலுள்ள பிளக் பாயின்டுக்கு அலை செல்வது கடினம். மின்வெட்டு வந்தால் இப்பாலுள்ள அடாப்டரும் அணைந்துவிடும். இரு முனை அடாப்டர்களையும் இன்வெர்ட்டர் லைனிலேயே வைத்தால் இரு குறையும் நீங்கும்.

5. அச்சிட்ட வேகம்

ஹோம்பிளக் ஏவியின் 200 மெகாபிட் என்பது கம்பியில் ஓடும் மொத்தப் பிட்டுகளின் உச்ச அளவு. பிழைதிருத்தப் பிட்டுகளும் தலைப்புகளும் இதிலேயே அடங்கும்; போக்கும் வரவும் ஒரே பாதையை முறைவைத்துப் பகிர வேண்டும். கைக்கு வருவது இதில் பாதியைத் தொட்டாலே நன்று. 500, 600 என்று பொறித்த அடாப்டர்கள் சிலவற்றில் ஈதர்நெட் துளை 100 மெகாபிட்தான். வாங்குமுன் துளையின் எண்ணைப் பார்ப்பதே அறிவுடைமை.

2012இன் ஏவி2, பட்டையை 86 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டியதோடு எர்த் கம்பியையும் இரண்டாம் பாதையாக்கியது. எர்த் முனை பெயருக்கு மட்டும் உள்ள பழைய வீட்டில் அந்த இரண்டாம் பாதை திறக்காது.

6. வெளிக்கசிவு

முறுக்கும் உறையுமற்ற மின்கம்பி ஓர் ஆன்டெனாவாகவும் நடந்துகொள்கிறது. சிற்றலை வானொலியும் அமெச்சூர் வானொலியும் இதே பட்டையில் இருப்பதால், அமெச்சூர் அதிர்வெண்களில் துணையலைகளை அடக்கி வைக்கின்றனர். அலை மீட்டரைத் தாண்டி அடுத்த பிளாட்டுக்கும் செல்லக்கூடும். எல்லா அடாப்டருக்கும் ஆலை தரும் வலைப்பெயர் பொதுவானதாக இருப்பதுண்டு. ஆதலால் இணைப்புப் பொத்தானை அழுத்திப் புதிய சாவியை உண்டாக்குவது கட்டாயம். அதன்பின் 128 பிட் மறையாக்கம் காக்கும்.

7. தேர்வு முறை

முதலில் பயன்படாத ஓரச்சு வடம் உண்டா எனத் தேடுக. இல்லையேல் ஓரிணை மின்கம்பி அடாப்டரைத் திருப்பித் தரும் உரிமையோடு வாங்கி, முதலில் ஒரே அறையின் இரு சுவர்ப் பாயின்டுகளில் சோதித்து, பிறகு தொலை அறைக்கு மாற்றுக. ஒரே அறையில் நன்றாக இருந்து மாடியில் வீழ்ந்தால் குறை பேஸிலோ இன்வெர்ட்டரிலோ இருக்கும். இரண்டிலும் வீழ்ந்தால் அருகில் செருகியுள்ள கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். தொலை அறைக்குத் தரவு சேர்ந்தபின் அங்கே ஒரு சிறு வைஃபை பரப்பியை வைக்கலாம். அறைக்குள் கம்பியில்லா அலைக்கு ஈடில்லை. மாலையில் எல்லா விளக்கும் விசிறியும் ஓடும் வேளையிலும் ஒருமுறை அளக்க வேண்டும். பகல் அளவு நம்பத்தக்கதன்று. எல்லாம் தோற்றால் கேட்6 ஈதர்நெட் கம்பியே வழி. அதை மின்கம்பி செல்லும் குழாயிலேயே இழுக்க எலக்ட்ரீசியன் முன்வந்தால் இசையலாகாது. பாதுகாப்புக் கருதித் தனிக் குழாய் வேண்டும்.