வீட்டுத் தோட்ட மீன்குளம்

வீட்டுத் தோட்ட மீன்குளம் அல்லது கொல்லைப்புற மீன்குளம் என்பது, வீட்டை ஒட்டிய திறந்தவெளியில் அழகுக்காகவும் பொழுதுபோக்கிற்காகவும் மீன்களை வளர்க்க அமைக்கப்படும் சிறிய செயற்கை நீர்நிலை ஆகும். உணவுக்காக மீன் வளர்க்கப்படும் பண்ணைக்குட்டை இதனின்றும் வேறானது. புதிதாகத் தொடங்குவோரின் குளங்களில் மீன்கள் முதல் சில வாரங்களிலேயே இறந்துபோவது பரவலாகக் காணப்படும் சிக்கலாகும். நீர் பக்குவப்படும் முன்னரே மீன்களை விடுவது இதற்கு முதன்மையான காரணமாகும். இக்கட்டுரை தமிழ்நாடு, இலங்கை போன்ற வெப்பப் பகுதிகளில் சிறிய குளம் அமைக்கும் முறையை விளக்குகிறது.

பின்னணி

அழகுக்காகக் குளங்களில் மீன் வளர்க்கும் வழக்கம் சீனாவில் தொன்மையானது. தங்கமீன் அங்கு சொங் அரசமரபுக் காலத்தில் (960–1279) குளங்களில் வளர்க்கப்பட்டது. வண்ணக் கெண்டையான கோய், சப்பானின் நீகாட்டா பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பின்னர் பரவலாக அறியப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள கொளத்தூர், அழகு மீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற இடமாகும்.

இடமும் அளவும்

நாள்தோறும் 4 முதல் 6 மணி நேரம் வெயில் படும் இடம் ஏற்றது. நாள் முழுதும் வெயில் பட்டால் நீர் சூடேறிப் பாசி பெருகும். மரத்தடியில் அமைத்தால் உதிரும் இலைகளும் பூக்களும் நீரில் அழுகும். குளத்தின் விளிம்பு சுற்றியுள்ள தரையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிடில் மழைநீர் மண்ணையும் உரத்தையும் பூச்சிமருந்தையும் உள்ளே அடித்துவரும்.

ஆழம் குறைந்தது 60 செ.மீ. இருப்பது நல்லது. ஆழமற்ற நீர் கோடையில் விரைவில் சூடாகும். சூடான நீரில் ஆக்சிசன் குறைவாகவே கரையும். 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிசனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 பாகையில் இது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் 0.6 மீட்டர் ஆழமும் கொண்ட குளம் 1,800 லிட்டர் நீரைக் கொள்ளும். தொடங்குவோருக்கு இது போதுமான அளவாகும்.

கட்டுமானம்

குளம் பொதுவாக இரு முறைகளில் அமைக்கப்படுகிறது.

* விரிப்புக் குளம்: பள்ளம் தோண்டி, கல், வேர் ஆகியவற்றை அகற்றி, மணல் பரப்பி, அதன்மேல் நீர் கசியாத தடித்த விரிப்பு இடப்படுகிறது. விரிப்பின் நீளம் = குளத்தின் நீளம் + ஆழத்தின் இரு மடங்கு + ஓரங்களுக்கு 0.6 மீட்டர். அகலத்திற்கும் இதே கணக்கு. மேற்கூறிய குளத்திற்கு 3.8 மீட்டர் × 3.3 மீட்டர் விரிப்பு தேவை.
* சிமெண்டுத் தொட்டி: நீண்ட நாள் உழைக்கும். ஆனால் புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மையை மீன்கள் தாங்க முடியாத அளவிற்கு உயர்த்தும். ஆகவே இரண்டு, மூன்று வாரங்கள் பலமுறை நீர் நிரப்பி வெளியேற்ற வேண்டும். அந்நாட்களில் வாழைத்தண்டுத் துண்டுகளை ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. மீன் விடுமுன் நீரின் பி.எச். மதிப்பு 6.5 முதல் 8.5 வரை உள்ளதா எனச் சோதித்தல் வேண்டும்.

இரு முறைகளிலும், மழைக்காலத்தில் மிகுநீர் வெளியேறுவதற்கு வலை பொருத்திய குழாய் ஒன்று மேல்மட்டத்தில் இருத்தல் அவசியம்.

நீர் பக்குவப்படுதல்

மீன்கள் தம் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. எஞ்சிய உணவு அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. இது மீன்களுக்கு நஞ்சாகும். வெப்பமும் காரத்தன்மையும் கூடும்போது இதன் நச்சுத்தன்மை மிகுகிறது. இயற்கை நீர்நிலைகளில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைத்திரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைத்திரேட்டாகவும் மாற்றுகின்றன. நைத்திரைட்டும் நஞ்சே, அது மீனின் குருதி ஆக்சிசனைக் கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. நைத்திரேட்டின் தீங்கு குறைவு. அதனைத் தாவரங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன.

புதிய குளத்தில் இப்பாக்டீரியாக்கள் போதிய அளவில் இரா. அவை கல், வடிகட்டி, தாவர வேர் ஆகியவற்றின் மீது படிந்து பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நீர் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது பக்குவத்தின் அறிகுறி அன்று. அம்மோனியா, நைத்திரைட்டு இரண்டும் நிறமற்றவை.

பக்குவப்படுத்தும் முறை:

# குழாய் நீரிலுள்ள குளோரினை அகற்ற, நீரைத் திறந்தவெளியில் ஒன்றிரண்டு நாள் வைத்தல். குளோரமின் கலந்த நீருக்கு இது போதாது. அதற்குரிய நீக்கி மருந்தைப் பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிசன் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் அதனை உயரத்திலிருந்து விழச் செய்தல் நன்று.
# தாவரங்களை நட்டு, நீரேற்றியையும் வடிகட்டியையும் இயக்குதல்.
# மீன் இன்றியே நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவு இடுதல். அது அழுகித் தரும் அம்மோனியா பாக்டீரியாக்களுக்கு உணவாகும். நன்கு இயங்கும் வேறொரு குளத்தின் வடிகட்டிப் பஞ்சில் சிறிது சேர்த்தால் காலம் குறையும்.
# சோதனைக் கரைசல்களால் வாரம் இருமுறை அளத்தல். அம்மோனியாவும் நைத்திரைட்டும் முதலில் உயர்ந்து, பின் இரண்டும் சுழியத்தை அடைந்து அங்கேயே நிலைத்தால் குளம் பக்குவமாயிற்று எனக் கொள்ளலாம்.

மீன்கள்

தொடக்கத்திற்குக் கப்பி, மோலி ஆகியவை ஏற்றவை. தங்கமீன்களுக்கு நல்ல வடிகட்டி தேவை. கோய் மீன்கள் 60 செ.மீ.க்கு மேலும் வளரக்கூடியவை; சிறிய குளத்திற்குப் பொருந்தா. விரால் பிற மீன்களை உண்ணும்.

மீன்களை ஒரே நாளில் விடாமல், இரண்டு வார இடைவெளியில் சிறு கூட்டங்களாக விடுதல் வேண்டும். பாக்டீரியாக்கள் புதிய கழிவிற்கு ஈடுகொடுக்க இக்காலம் தேவைப்படுகிறது. மீன் உள்ள பையை 15 முதல் 20 நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்த பின், மீன்களை மட்டும் வலையால் எடுத்து விடலாம்.

பராமரிப்பு

* உணவு: ஓரிரு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே போதுமானது. மிகுதியான உணவு நீரைக் கெடுக்கும்.
* நீர் மாற்றம்: வாரந்தோறும் 10 முதல் 20 விழுக்காடு. முழு நீரையும் ஒரே நேரத்தில் மாற்றுதல் கூடாது.
* வடிகட்டி: குளத்து நீரிலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீர் பாக்டீரியாக்களைக் கொல்லும்.
* தாவரங்கள்: அல்லி, வேலம்பாசி போன்றவை நிழலும் மறைவிடமும் தரும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடவிடக் கூடாது. இரவில் தாவரங்களும் ஆக்சிசனைப் பயன்படுத்துவதால் விடியற்காலையில் அதன் அளவு மிகக் குறைந்திருக்கும். அவ்வேளையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்கினால், நீரைக் கொட்டியோ காற்றேற்றியை இயக்கியோ உடனே ஆக்சிசன் கிடைக்கச் செய்ய வேண்டும்.
* பகை உயிரினங்கள்: கொக்கு, மீன்கொத்தி, பூனை ஆகியவற்றைத் தடுக்க மேலே வலை கட்டலாம்.

பாதுகாப்பு

சில அங்குல ஆழமுள்ள நீரிலும் சிறு குழந்தைகள் மூழ்கி உயிரிழக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீடுகளில் வேலியோ உறுதியான கம்பி மூடியோ இல்லாமல் குளம் அமைக்கக் கூடாது. நீரேற்றிக்கான மின் இணைப்பில் மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்தப்பட வேண்டும்.

மீன் இல்லாத தேங்கிய நீரில் கொசுக்கள் பெருகும். குளம் பக்குவப்படும் வாரங்களில் கொசுவலையால் மூடிவைக்கலாம். பின்னர்க் கப்பி போன்ற மீன்கள் கொசுப்புழுக்களை உண்டுவிடும்.

சூழலியல் பொறுப்பு

வளர்ப்பு மீன்களை ஏரி, ஆறு, கிணறு ஆகியவற்றில் விடுதல் கூடாது. 1952ஆம் ஆண்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா இன்று பல நீர்நிலைகளில் உள்நாட்டு மீன்களுடன் இடத்திற்கும் உணவிற்கும் போட்டியிடுகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை இந்திய அரசு 2000ஆம் ஆண்டு தடை செய்தது. தொட்டியைத் தூய்மை செய்யும் மீன் என விற்கப்படும் தென் அமெரிக்கக் கெளுத்திகள் தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பதிவாகியுள்ளன. வளர்க்க இயலாத மீன்களை வேறு வளர்ப்பாளரிடமோ கடையிலோ ஒப்படைக்கலாம். வெங்காயத்தாமரை போன்ற களைகளையும் வாய்க்காலில் எறியாமல் உலர்த்தி உரமாக்குவது நன்று.

இவற்றையும் பார்க்க

* நீர்வாழ் உயிரினக் காட்சித்தொட்டி
* தங்கமீன்
* நைட்ரசன் சுழற்சி