கடவுள் வேடமிட்ட மன்னன்

மத்தியகால ஐரோப்பாவின் குதிரை ஈட்டிச் சமர்களில் வீரனின் முகம் இரும்புக் கவசத்துள் மறைந்திருக்கும். அவன் யார், என்ன சொல்ல வருகிறான் என்பதை அவன் தாங்கிய சின்னமே உணர்த்தும். ஸ்பானிய அரசவைகளில் இச்சின்னங்கள் பெரும்பாலும் காதலையே பேசின. ஆனால் 1428இல் வய்யதோலித் நகரில் புனிதர்களின் சின்னங்கள் அரசியல் பேசின.

போர்த்துக்கலுக்கு மணமகளாகச் செல்லவிருந்த ஆரகன் இளவரசி லியோனோருக்கான விழா அது. மே மாதத்தில் அவரது சகோதரர் என்ரிக், சதுக்கத்தில் மரத்தாலும் துணியாலும் ஒரு கோட்டையையே எழுப்பிச் சமர் நடத்தினார். அதில் குத்தியெரே தெ சந்தோவால் என்ற வீரர் உயிரிழந்தார். விழா நிற்கவில்லை. இன்னொரு சகோதரரான நவார் மன்னர் தமது பங்கிற்கு மற்றொரு சமரை நடத்தினார்.

இந்த என்ரிக்தான் 1420இல் காஸ்டில் மன்னர் இரண்டாம் குவானைத் தொர்தெசிலாசில் பிடித்துத் தம் காவலில் வைத்தவர். இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒருவர் சகோதரியை மற்றவர் மணந்தவர்கள். எமது ஊர் வழக்கிற் சொன்னால் மாற்றுச் சம்பந்தம்!

ஜூன் மாதம் மன்னரின் முறை வந்தது. இருபத்து மூன்று வயதான அவர் பிதாவாகிய கடவுளின் கோலத்தில் களமிறங்கினார். உடன் பன்னிரு வீரர்கள், புனிதர்களாக. ஒவ்வொருவரிடமும் தத்தம் புனிதரின் பெயர். கையில் அப்புனிதர் வதைபட்டதன் அடையாளம். அரச வல்லூறுகளைப் பராமரித்த பேத்ரோ கரியோவின் நாளாகமம் இதனைப் பதிவு செய்துள்ளது. கிறிஸ்தவ ஓவியங்களில் சாய்ந்த சிலுவையைக் கண்டால் அந்திரேயர், தோலுரிக்கும் கத்தியைக் கண்டால் பர்த்தலோமேயு என எழுத்தறியாதவரும் அறிவர். எனவே காட்சிக்கு விளக்கம் தேவைப்பட்டிராது.

இதை வெறும் பக்தியென்று கொள்ள என்னால் இயலவில்லை. மைத்துனர் கோட்டை கட்டினார். மன்னரோ விண்ணுலகையே களத்திற்கு இறக்கினார். கடவுளுக்கு மேல் எவரும் வேடமிட முடியாதல்லவா? மறுவருடமே, 1429இல், காஸ்டிலுக்கும் ஆரகன், நவார் அரசுகளுக்கும் இடையே உண்மையான போர் மூண்டது.

திருச்சபையின் நிலைப்பாடு இங்கு கவனிக்கத்தக்கது. இத்தகைய சமர்களில் இறப்போருக்குத் திருச்சபை அடக்கம் இல்லையென 1139ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கம் விதித்திருந்தது. 1316இல் பாப்பரசர் தடையைத் தளர்த்தினார். ஆயினும் 1434இல், சந்தியாகோ யாத்திரைப் பாதையிலுள்ள ஓர்பிகோ பாலத்தருகே சுவெரோ தெ கிஞ்ஞோனெஸ் நடத்திய சமரில் அஸ்பெர்த் தெ கிளரமுந்த் என்பவர் கண்ணில் ஈட்டி பாய்ந்து இறந்தபோது, குருமார் புனித நிலத்தில் இடம் மறுத்தனர். சுவெரோ மன்றாடியும் பயனில்லை. அந்த உடல் வெளிநிலத்திலேயே புதைக்கப்பட்டது.