ராத்திரி இருமலும் சிவப்பு மணிகளும்

கும்பகோணத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தவன் நான். லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடில், ஆரஞ்சுச் சிவப்பு மணிகள் நிறைந்த செல்கள் பார்க்குமிடமெல்லாம் தெரிந்தால், வெளியே உட்கார்ந்திருப்பவரிடம் ஒன்றுதான் கேட்பேன்: “ராத்திரியிலதானே இருமல் ஜாஸ்தி?” ஆமாம் என்பார்கள், அநேகமாக எல்லோருமே.

அந்தச் செல்தான் ஈஸ்னோபில். 1879இல் ஜெர்மனியில் பால் எர்லிக் ஈயோசின் சாயம் போட்டு இனம் பிரித்தது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்குள் இருக்க வேண்டியது, இந்த ராத்திரி இருமல் நோயில் 3000ஐத் தாண்டும்.

இது காசநோய் அல்ல என்று பிரித்துச் சொன்னவர்கள் காசநோய் மருத்துவர்களே. மதனப்பள்ளி பக்கத்து ஆரோக்கியவரம் சானடோரியத்தில் டென்மார்க்காரர் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் 1940இல் இதை எழுதினார்கள். எக்ஸ்ரே காசநோய் மாதிரியே இருக்கும். ரத்தத்திலோ ஈஸ்னோபில் கொட்டிக் கிடக்கும். 1943இல் வைன்கார்டன் 81 நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். அவர் போட்டது மேகநோய்க்கான ஆர்சனிக் ஊசி. இருமல் நின்றது, ஏன் என்பதுதான் பிடிபடவில்லை. 1958இல் சிங்கப்பூரில் தனராஜ், யானைக்கால் மருந்தான டி.இ.சி.யைக் கொடுத்துக் குணமாக்கினார். அப்போதே சந்தேகம் யானைக்கால் புழுவின் மேல் விழுந்துவிட்டது.

ஆனால் புழு எங்கே? எங்கள் ஊர் யானைக்காலுக்குப் பேர்போனது. குஞ்சுப்புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும் என்பதால், ஃபைலேரியா ஊழியர்கள் இருட்டிய பிறகே விரலில் குத்தி ரத்தம் எடுக்க வருவார்கள். இந்த இருமல்காரர்களின் ரத்தத்தில் மட்டும் ஒன்றும் சிக்காது.

1960இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுத் துணுக்குகளில் அந்தக் குஞ்சுப்புழுக்களைக் காட்டினார்கள். இவர்களுடைய உடம்பு புழுவைச் சகித்துக்கொள்வதில்லை. ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளை அளவுக்கு மீறிச் சுரந்து, புழுவை நுரையீரலிலேயே மடக்கிவிடுகிறது. அங்கே திரளும் ஈஸ்னோபில்கள் தம் மணிகளிலுள்ள நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. புழு சாகிறது, நுரையீரலும் வெந்துபோகிறது. என்னைக் கேட்டால், புழுவைவிட அதை விரட்டும் ஆவேசம்தான் இங்கே பெரிய நோய்.

அந்த ஆவேசத்தை எண்ணியும் பார்த்தார்கள். சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையமும் அமெரிக்க ஆய்வாளர்களும் நோயாளிகளின் நுரையீரலை உப்புநீரால் அலசி எடுத்தார்கள். அந்த நீரிலிருந்த செல்களில் ஏறக்குறைய பாதி ஈஸ்னோபில். 1987இல் வெளியான ஆய்வு அது. டி.இ.சி. கொடுத்ததும் அந்தக் கூட்டம் மளமளவென்று கலைந்தது.

வழக்கமாக மூன்று வாரம் டி.இ.சி. சாப்பிட்டால் போதும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அதற்காக ஈஸ்னோபில் கூடியதெல்லாம் இந்த நோய் என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்துமாவிலும் கூடும், குடல் புழுவாலும் கூடும். கவுன்ட் சீட்டைக் கடையில் நீட்டி மாத்திரை வாங்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.