பனிக்கு மிலார், வெயிலுக்கு முற்றம்

செடி பனியில் கருகும் என்றால் நம் காரைக்குடிப் பக்கத்தில் சிரிப்பார்கள். ஊட்டிக்குப் போனால் தெரியும். அங்குள்ள அரசுத் தாவரவியல் பூங்கா 1848ல் தொடங்கியது. லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற மெக்ஐவர் அதை உருவாக்கினார். குளிர்காலத்தில் உறைபனி விழும் என்பதால் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார்ச் செடிகளால் மூடிவைக்கிறார்கள். மேகமில்லாத இரவில் தரையின் சூடு மேலே போய்விடும். மிலார் அதைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். புல்வெளியில் காலையில் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறுமுன் பனியைக் கரைத்துவிடுவார்கள்.

சீமையில் இந்த வேலையைக் கண்ணாடி செய்தது. லண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்டு 1829ல், மூடிய சீசாவுக்குள் பெரணி தானாக முளைத்ததைக் கண்டார். 1833ல் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைச் சிட்னிக்கு அனுப்பினார். மறு ஆண்டு அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் லண்டனுக்குக் கிளம்பின. ஏற்றும்போது 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெயில். தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையில் 20 டிகிரி, கப்பல் தளமெல்லாம் பனி. செடிகள் பிழைத்தன.

ஆனால் வெக்கையில் அந்தப் பெட்டி எப்போதும் கைகொடுக்கவில்லை. 1860ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கொண்டுவந்த சின்கோனாக் கன்றுகள் செங்கடல் வெப்பத்தில் வாடிப்போயின. ஊட்டி வந்து சேர்ந்தும் தேறவில்லை. உள்ளே வந்த சூட்டைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. குளிர்நாட்டில் அது வரம், வெயில்நாட்டில் சாபம்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு வழி இருந்தது. நான்கு பக்கமும் தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான காற்று மேலே போய்விடும். மதியம் தவிர மற்ற நேரம் சுவரின் நிழல் ஏதாவது ஒரு பக்கம் விழும். குரோட்டன்ஸ், அந்தூரியம், பெரணி எல்லாம் மழைநாட்டுச் செடிகள். அந்தூரியமும் பெரணியும் பெரிய மரங்களின் அடியில் வளர்பவை. அவற்றுக்கு வேண்டியது நிழல், ஈரக்காற்று, காற்றோட்டம். தாழ்வார ஓரத்தில் மூன்றும் கிடைத்தன.

இப்போது குரங்குக்கும் தூசிக்கும் பயந்து முற்றத்தை ஃபைபர் ஷீட்டால் மூடிவிடுகிறோம். சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கிறது. இலை ஓரம் தீய்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம், வேர் அழுகுகிறது.

மூடத்தான் வேண்டுமென்றால் ஷீட்டைச் சுவருக்கு மேல் இரண்டடி தூக்கி, சுற்றிலும் கம்பிவலை அடியுங்கள். இல்லையென்றால் பச்சை நிழல்வலை போதும், அல்லது நம் பழைய தென்னங்கீற்று. தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் ஈரமணல் தட்டு வையுங்கள். சூடு வெளியே போக வழி இருந்தால் செடியும் பிழைக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆறுதல்.